பாவடிப் பள்ளிக்கூடம்

ஆத்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டில், தாலியறுத்த பெண்ணுக்கென்று ஒரு மூலை ஒதுக்கி வைத்திருந்தார்கள். எனக்கு அந்த மூலை ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை போட்டுக்கொண்டு சேலம் போய், டிரெயினிங் முடித்து, ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருந்த ஒரு நெசவுக்கார ஊரில் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சராக வந்து இறங்கினேன். கோபக்காரி என்ற பெயர் எனக்கு முன்பே ஊருக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. தனியாக இருக்கிற பெண்ணுக்கு அது ஒருவகையில் சௌகரியம்தான்.

பள்ளிக்கூடம் ஒரு வாடகை வீடு. சொந்தக்காரர் நெசவாளர்களின் பெரியதனக்காரர். அந்தத் தெருவில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் சொல்வதுதான் முடிவு. வீட்டுக்கு இரண்டு வாசல். நெசவாளர் வீட்டுப் பெண்கள் முன் வாசல் வழியாக வருவார்கள். பின் வாசல் ஒரு சந்தில் திறந்தது. அந்தச் சந்து நேரே ராவுத்தமார் தெருவுக்குப் போகும். முஸ்லிம் வீட்டுப் பெண்கள் கடைவீதியில் கால் வைக்காமலே அந்தச் சந்து வழியாக வந்து போகலாம். அந்தப் பின் வாசல் இல்லாவிட்டால் அவர்களில் ஒருத்தியும் பள்ளிக்கூடத்தைப் பார்த்திருக்க மாட்டாள். நான் படுத்துக்கொண்டதும் சமைத்துக்கொண்டதும் அந்த வீட்டின் பக்கத்து அறையில்தான்.

முன் வாசலுக்கு எதிரே பாவடி. அது நெசவாளர்களின் பொது இடம். தறியில் ஏற்றுவதற்கு முன் நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, நீவி, காயவைப்பார்கள். அப்படி நீட்டிய நூலுக்குப் பாவு என்று பெயர். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. எங்கள் பாவடி பள்ளிவாசலின் மேற்குச் சுவரை ஒட்டி இருந்தது. உயரமான சுவர். காலையில் அதன் நிழல் பாவடி முழுக்க விழும். அம்மன் பெயரைச் சொல்லிக் கஞ்சியில் கைவைக்கிற நெசவாளர்கள் பள்ளிவாசல் நிழலில் நின்றுதான் அத்தனை காலமும் வேலை செய்தார்கள். அதைப் பற்றி யாரும் பேசிக்கூட நான் கேட்டதில்லை.

கஞ்சி ஈரம் காயும்வரை பாவைத் தூக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அத்தனையும் பாழாகிவிடும். பாவைத் தாண்டவும் கூடாது. மாட்டுவண்டியானாலும் கல்யாணமானாலும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ராவுத்தமார் தெருவில் சாவு விழுந்தால் மட்டும் வேறு ஏற்பாடு. அவர்களுடைய அடக்க இடம் பாவடிக்கு அப்பால் ஏரிக்கரையில் இருந்தது. அதனால் விடிகிற நேரத்தில் அந்தத் தெருவிலிருந்து ஒருவர் வந்து பெரியதனக்காரரிடம், "இன்னைக்கு வழி வேணுமுங்க" என்பார். யார், என்ன என்று அவர் கேட்க மாட்டார். நடுவில் வழி விட்டுப் பாவு நீட்டுவார்கள். மையத்து என்று அவர்கள் சொல்லும் பிணம் போகும்போது கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் ஒதுங்கி நிற்பார்கள். வந்த புதிதில் நானே பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். ராவுத்தமார் தெருவில் நூல் வியாபாரம் செய்தவரின் மூத்த மகள். ஒல்லியாக இருப்பாள், தலையில் போட்ட துணியை எந்நேரமும் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருப்பாள். கணக்கில் புலி. நான் கணக்கைப் போர்டில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, "டீச்சரம்மா, அடுத்ததுங்க" என்று நிற்பாள். எனக்கு எரிச்சலாக வரும். அவளை அதட்டிவிட்டு, அன்று ராத்திரி மறுநாளுக்கு இன்னும் கடினமான கணக்காகத் தேடி வைப்பேன்.

தை மாதம் இன்ஸ்பெக்டரம்மா வந்து பார்த்தார். "இரண்டு தெருப் பெண்களும் சேர்ந்து ஐந்தாம் வகுப்பு நிறைந்திருக்கிறது. இந்தக் கூட்டம் கலையாமல் இருந்தால் ஜூனில் ஆறாம் வகுப்பு திறக்கலாம். பிறகு வருஷத்துக்கு ஒன்றாக எட்டுவரை கொண்டுபோகலாம்" என்றார். எட்டாம் வகுப்புத் தேறினால் சேலத்தில் டீச்சர் டிரெயினிங். நூல் வியாபாரியைப் பின் வாசலுக்கு வரச்சொல்லி இதைச் சொன்னேன். அவர் தாடியை நீவிக்கொண்டு யோசித்தார்.

"வெளியூருக்கு அனுப்பிப் படிக்க வைக்க மாட்டேனுங்க டீச்சரம்மா. இந்த வாசலுக்குள்ளயே எட்டு வரைக்கும் படிக்கலாமுன்னா படிக்கட்டும். பொறவு சேலத்துல அவளோட மாமன் ஊடு இருக்குதுங்க, பாத்துக்கலாம்."

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் அன்று முழுக்க ஒரு கணக்குக்கும் விடை சொல்லவில்லை. சிரித்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஜூனில் ஆறாம் வகுப்பு திறந்தால் அவளுக்குப் படிப்பு உண்டு, திறக்காவிட்டால் இல்லை. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வருஷம்தான் மேளப் பேச்சு வந்தது. அம்மன் ஊர்வலம் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளக்காரர்கள் தாங்களாகவே கையைத் தளர்த்திக்கொள்வார்கள். தோள் மாற்றுவார்கள், வெற்றிலை போடுவார்கள், அந்தக் கொஞ்ச தூரம் சும்மா நடப்பார்கள். ஒரு சந்தை நாளில் வெளியூர் ஆள் ஒருவர் வந்து கோயில் வாசலில் பேசினார்: எதற்காக நிறுத்த வேண்டும்? அடுத்த சந்தைக்கு வேறொரு வெளியூர் ஆள் வந்து பள்ளிவாசலில் பேசினார்: நிறுத்துவதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இருவரும் வெள்ளை வெளேரென்று சட்டை போட்டிருந்தார்கள். இருவரும் சாயங்காலப் பஸ்ஸில் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். பேசாமல் நடந்துகொண்டிருந்த காரியம் பேசத் தொடங்கியதும் சிக்கலாகிப் போயிற்று.

எனக்கு அது முதலில் பிள்ளைகளிடம்தான் தெரிந்தது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் இடைவேளையில் ஊர்வலம் விளையாடினார்கள். ஒருத்தி பிஸ்கட் டப்பாவைத் தட்டிக்கொண்டு முன்னால் போவாள். கிணற்றடிக்கு வந்ததும் இன்னொருத்தி இரண்டு கையையும் விரித்து மறிப்பாள். "இது பள்ளிவாசலு, நிறுத்து!" "நிறுத்த மாட்டேன்!" உடனே மற்றதுகள் எல்லாம் மண்ணை அள்ளி வீசும். கடைசியில் ஒருத்தி குச்சியைத் தூக்கிக்கொண்டு போலீஸாக வருவாள். டப்பாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் கையைத் தட்டிக்கொண்டு விளையாடினார்கள்.

பிறகு உட்காருவது மாறியது. கலந்து உட்கார்ந்திருந்தவர்கள் முன் வாசல் பக்கம் ஒரு கூட்டம், பின் வாசல் பக்கம் ஒரு கூட்டம் என்று பிரிந்தார்கள். நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு மாற்றி உட்காரவைத்தால், நான் போர்டுப் பக்கம் திரும்புவதற்குள் நகர்ந்து நகர்ந்து பழைய இடத்துக்கே போய்விடுவார்கள். நூல் வியாபாரியின் மகள் மட்டும் நடுவிலேயே இருந்தாள். போர்டு அங்கேயிருந்துதான் நன்றாகத் தெரிகிறது என்பது அவள் காரணம். அவளுக்குப் பக்கத்தில் யாரும் வரவில்லை.  பிள்ளைகள் வீட்டில் கேட்காத எதையும் பள்ளிக்கூடத்தில் செய்யமாட்டார்கள்.

பங்குனியில் அம்மனுக்குப் பூச்சாட்டித் திருவிழாவைத் தொடங்கினார்கள். கம்பம் நட்டு, விரதக்காரர்கள் கையில் மஞ்சள் கயிறும் வேப்பிலையுமாகக் காப்புக் கட்டிக்கொண்டார்கள். காப்புக் கட்டியவர் பிணத்தைப் பார்க்கக் கூடாது; சாவுச் சேதியைக் காதில் வாங்கக் கூடாது; சாவு வீட்டு ஆளிடம் வாய் திறக்கக் கூடாது. திருவிழா முடிகிறவரை கோயில் தெரு வழியாகப் பிணம் போகாது. இதெல்லாம் ராவுத்தமார் தெருவுக்கும் பாடம். அந்த நாட்களில் பெரியதனக்காரர் எதிரே வந்தால் அவர்கள் சாவு, நோவு எதையும் பேச்சில் எடுக்க மாட்டார்கள்.

அந்தச் சமயத்தில் வாந்திபேதி வந்தது. இரண்டு தெருவிலும் வந்தது. கிணற்றில் அவர்கள் எதையோ போட்டார்கள் என்று இவர்கள் சொல்வதாகவும், இவர்கள் போட்டதாக அவர்கள் சொல்வதாகவும் பேச்சு. நான் பார்த்தவரையில் கிணற்றில் யாரும் எதையும் போடவில்லை. இருந்த சேறே போதும். பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தேன். அதிலும் இரண்டு பானை வைக்கச் சொல்லி இரண்டு தெருவிலிருந்தும் ஆள் வந்தார்கள். நான் அவர்களைத் திட்டி அனுப்பிவிட்டு ஒரே பானை வைத்தேன். பாதிப் பிள்ளைகள் தாகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மனுக்குச் சாத்துகிற புடவைக்குத் தனிப் பாவு. காப்புக் கட்டியவர்கள்தான் அதைத் தொடலாம். வேறு யாரும் அன்று பாவடிக்குள் வரக்கூடாது. அந்தப் பாவு நீட்டுகிற நாளில் நான் விடிகிற நேரத்தில் முன்பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தேன். பாவடியில் பெரியதனக்காரரும் மற்ற விரதக்காரர்களும் பாவைத் தாங்கும் கவைக்குச்சிகளை நட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளிவாசல் பக்கத்திலிருந்து நூல் கடையில் வேலை செய்யும் வயதான ஆள் வருவதைப் பார்த்தேன். எடை போடுகிறவர். பல்லி மாதிரி சுவரோரமாக வந்து, பாவடியின் விளிம்பில் நின்றார்.

பெரியதனக்காரர் நிமிர்ந்து, "என்ன, இந்நேரத்துல?" என்றார். மேளப் பேச்சு வந்ததிலிருந்து அவர் அந்தத் தெருக்காரர்களிடம் சிரித்துப் பேசுவதில்லை.

வந்தவர் அவர் கையைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவர் கையை. பிறகு அடுத்தவர் கையை. பிறகு தலையைத் திருப்பிக் கிணற்றடியில் நின்ற என்னைப் பார்த்தார். நான் குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றேன். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்ணுமில்லீங்க சாமி. சும்மா வந்தேனுங்க" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

எதற்காக வந்தார் என்று எனக்குப் புரியவில்லை. கடை நூல் விஷயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். விரதக்காரர்கள் பாவடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்தார்கள். வழி விடவில்லை.

நான் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தபோது வெளியே சத்தம் எல்லாம் ஒரேயடியாக அடங்கியது. தறிச் சத்தம்கூட நின்றுவிட்டது. வாசலுக்கு வந்து பார்த்தேன். பள்ளிவாசல் முனையில் மையத்தைச் சுமக்கும் சந்தூக்கைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் தோள் கொடுத்திருந்தவர் நூல் வியாபாரி. இறந்தவர் அவருடைய தம்பி. முந்தின நாள் சாயங்காலம் வாந்திபேதி கண்டு விடிவதற்குள் போய்விட்டார். அந்த நோயில் போனவர்களை வைத்திருக்க முடியாது.

எதிரே ஈரப் பாவு. அம்மன் பாவு.

நூல் வியாபாரி கூப்பிட்டார். "ஏனுங்க பெரியதனக்காரரே, வழி கேட்டனுப்பிச்சமே, வழி விடலீங்களா?"

பெரியதனக்காரர் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். விரதக்காரர்கள் அத்தனை பேரும் அப்படியே திரும்பி நின்றார்கள். காப்புக் கட்டியவர்கள் வேறு என்ன செய்ய முடியும்? எனக்கு அது தெரியும். சந்தூக்கைச் சுமந்து நின்ற பெரியவர்களுக்கும் தெரியும். ஆனால் பின்னால் நின்ற இளவட்டங்கள் அந்த நிமிஷத்தில் முதுகுகளை மட்டும்தான் பார்த்தார்கள். "நம்ம மையத்துக்கு முதுகைக் காட்டறானுகளே" என்று ஒரு குரல் வந்தது.

ஏரிக்கரைக்குச் சுற்றிப் போக வேறு வழி கோயில் தெரு ஒன்றுதான். அவர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அங்கே ஆட்கள் கம்பத்துக்கு முன்னால் குறுக்கே நின்றுவிட்டார்கள். மறுபடியும் பாவடிக்கே வந்தார்கள். புறப்பட்ட சந்தூக்கை வழியில் இறக்கக் கூடாது. வெயில் சுவரைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. சுமந்தவர்களின் கால்கள் நடுங்குவது என் வாசல்வரை தெரிந்தது. நான் பாவடிக்குள் இறங்கி, "யாராவது ஒருவர் பேசுங்களேன்!" என்று கத்தினேன். கத்தியது என் காதிலேயே விழவில்லை. அதற்குள் அவர்கள் சந்தூக்கைக் கைக்கு மேலே தூக்கிக்கொண்டு பாவைத் தாண்டத் தொடங்கிவிட்டார்கள்.

பார்த்துப் பார்த்துத்தான் கால் வைத்தார்கள். அதையும் சொல்ல வேண்டும். நடுவில் ஒருவருக்குக் கால் இழைகளில் மாட்டியது. சந்தூக்கு சாய்ந்தது. அதைப் பிடிக்க நாலு பேர் பாய்ந்ததில் கவைக்குச்சிகள் பிடுங்கிக்கொண்டு பாவு முழுவதும் சேற்றில் விழுந்தது. வாந்திபேதியில் போன பிணம் அம்மன் நூல் மேல் தாண்டிவிட்டது என்று ஒருவர் வீறிட்டார். அந்தப் பக்கம் ஒருவர் மையத்தைக் கீழே தள்ளப் பார்த்தார்கள் என்று வீறிட்டார். முதல் கல் எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. சாட்சி சொல்லத் தெரிந்தவர்கள் இரண்டு பக்கமும் நிறைய இருந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் நூல் கடை எரிந்தது. நெசவாளர் தெருவில் தறிகளில் ஏற்றியிருந்த பாவுகளை அறுத்துப் போட்டார்கள். மண்டை உடைந்தவர்களைச் சேலத்துக்கு வண்டியில் ஏற்றினார்கள். யாரும் சாகவில்லை என்று பிற்பாடு எல்லோரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். இறந்தவரைப் போலீஸ் காவலோடு அன்று அந்தியில் அடக்கம் செய்தார்கள்.

மறுநாள் காலை எடை போடுகிறவர் சந்து வழியாகப் பின் வாசலுக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது. உள்ளே வராமல் படியில் நின்றபடி பேசினார்.

"நேத்து சொல்லத்தானுங்க வந்தேன். கையில காப்பு இருந்துச்சுங்களே டீச்சரம்மா. வழி வேணுமுன்னாலே சாவுன்னு ஆயிருமே. காப்புக் கையிகிட்டப் போயி சாவு சொல்லலாமுங்களா? சொன்னா அவரு விரதம் போயிருமே. காப்பு இல்லாத கை ஒண்ணு இருந்தாலும் சொல்லியிருப்பேன். ஒருத்தருமில்லீங்க. என்னையப் பாத்தாலே தெரிஞ்சுக்குவாரு, வழி உட்டுருவாருன்னு நெனச்சேனுங்க. மொதலாளிகிட்டயும் போயிட்டு வந்தேன்னு மட்டுந்தான் சொன்னேன்."

"நான் நின்றுகொண்டிருந்தேனே! என் கையில் என்ன காப்பா இருந்தது? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"விடியக்கால நேரத்துல, தனியா நிக்கற பொம்பளைகிட்ட எப்படிங்க…" என்று சொல்லி அழத் தொடங்கிவிட்டார்.

எனக்குத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது. அத்தனை மரியாதை! ஒரு மனுஷன் நெசவாளர்கள் முறையையும் மதித்து, என் மானத்தையும் மதித்து, வாயை மூடிக்கொண்டு போனதில் ஊரே பற்றி எரிந்துவிட்டது.

அன்று மத்தியானமே பெரியதனக்காரர் கொத்தனாரை அனுப்பிப் பின் வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார். நான் போய்ச் சத்தம் போட்டேன். "ஊடு என்னுதுங்க டீச்சரம்மா" என்றார்.  கொத்தனார் வேலை செய்கையில் செங்கல் இடைவெளி வழியாகச் சந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதை நின்று பார்த்தேன். சந்தில் யாரும் இல்லை.

அமைதி திரும்பும்வரை பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. வெளியூரிலிருந்து கொண்டுவந்த போலீஸ்காரர்களைத் தங்கவைக்க ஊரில் வேறு காலிக் கட்டடம் இல்லை என்று பள்ளிக்கூடத்தையே கொடுத்தார்கள். துப்பாக்கிகளைப் போர்டில் சாய்த்து வைத்தார்கள். போர்டில் ஐந்தாம் வகுப்புக்கு நான் கடைசியாக நடத்திய பின்னக் கணக்கு அழியாமல் இருந்தது. பின்னம் கூட்டுவதை முடித்திருந்தேன். பெருக்குவதை அடுத்த திங்கட்கிழமை ஆரம்பிப்பதாக இருந்தேன். ஒரு ஜமேதார் அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு யாருக்கு எப்போது காவல் என்று எழுதினார்.

ஜூன் வந்தது. சமாதானக் கூட்டம் என்று தாலுகா அதிகாரி முகாம் போட்டார். இரண்டு தெருப் பெரியவர்களும் வந்தார்கள். இன்ஸ்பெக்டரம்மாவும் வந்திருந்தார். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் போனேன். எடை போடுகிறவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுந்து நின்று சொன்னேன்.  பெரியதனக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க மொறைய மதிச்சா சொல்லாமப் போனான்?" என்றார் மெதுவாக. நூல் வியாபாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இருவரில் ஒருவர் எழுந்து நாலடி நடந்திருந்தால் போதும். 

அப்போது நெசவாளர் பக்கத்தில் பின்னாலிருந்து ஒருவர், "நல்லாக் கதை கட்டறாங்க" என்றார். ராவுத்தமார் பக்கத்தில் ஒருவர், "எங்க ஆளுதான் தப்புன்னு இப்பப் பழியத் திருப்பறாங்க" என்றார். பெரியதனக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நூல் வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் எல்லோருக்கும் பிடித்த ஒரு முடிவுக்கு வந்தார்கள். இனிமேல் இரண்டு பள்ளிக்கூடம். கோயில் சத்திரத்தில் ஒன்று, ராவுத்தமார் தெருவில் ஒன்று. அவரவர் பிள்ளைகள் அவரவர் பக்கம். ஒருவரையொருவர் பார்க்கவே வேண்டாம். அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், பிரித்தால் இரண்டு பக்கமும் மேல் வகுப்புக்கு வேண்டிய எண்ணிக்கை இருக்காது, ஆறாம் வகுப்பு திறக்க முடியாது, ஐந்தாம் வகுப்பே சந்தேகம்தான் என்று சன்னமான குரலில் சொன்னார்.

"அதனால என்னுங்க?" என்றார் பெரியதனக்காரர். "ஒண்ணு இருந்த எடத்துல ரெண்டு கெடைக்குது. ஒண்ணைக் காட்டிலும் ரெண்டு பெருசு தானுங்களே?"

"ஏனுங்க, பாவை நடுவில் வெட்டினால் இரண்டு பாவு ஆகுமா?" என்று கேட்டேன். கேட்ட குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. அவர் பேனாவைக் கேட்டு வாங்கினார். நூல் வியாபாரியும் பேனாவுக்குக் கை நீட்டினார். இருவரும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் இருவரும் அப்படிச் சேர்ந்து செய்த காரியம் வேறு எதுவும் இல்லை.

என்னைச் சத்திரத்துப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். ஐந்தாம் வகுப்பு முடித்த நெசவாளர் பெண்கள் மேலே வகுப்பில்லாமல் ஒவ்வொருவராகத் தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார்ந்தார்கள். ராவுத்தமார் தெருப் பள்ளிக்கூடத்துக்கு முஸ்லிம் டீச்சரம்மாதான் வேண்டும் என்று எழுதிப் போட்டார்கள். அந்த வட்டாரத்தில் அப்படி ஒருவர்கூட இல்லை. கிடைக்கும்வரை யாராவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தெருவிலேயே அதிகம் படித்தவள் யாரென்று பார்த்தார்கள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு மத்தியானம் நான் அந்தத் தெருவுக்குப் போனேன். போகக் கூடாது என்று சத்திரத்தில் சொல்லியிருந்தார்கள்; என்னிடம் சொல்லக் கூடாத முறையில் சொன்னார்கள், அதனால் போனேன். எரிந்த நூல் கடையின் பின்கட்டில் சிறுபிள்ளைகள் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள். வாசலில் சாக்குத் திரை. ஓரமாக விலக்கிப் பார்த்தேன். கையில் குச்சியோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். உயர்ந்திருந்தாள். நான் அதட்டுவது போலவே அதட்டினாள், நான் நிற்பது போலவே ஒரு கையை இடுப்பில் வைத்து நின்றாள். என்னைப் பார்த்ததும் குச்சியைக் கீழே போட்டுவிட்டுத் திரைக்கு ஓடி வந்தாள்.

"டீச்சரம்மா, நான் பின்னம் கூட்டறது வரைக்கும் சொல்லிக் குடுத்துட்டேனுங்க. பெரிய புள்ளைங்க ரெண்டு பேரு அதுவும் முடிச்சுட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவும் தீந்துபோச்சுங்க. அதுக்கு மேல என்னங்க வரும்?"

 பெருக்கல், அம்மணி, என்று ஆரம்பித்தேன். மேலே உள்ளதை மேலே உள்ளதால், கீழே உள்ளதை… உள்ளேயிருந்து அவளுடைய அத்தா, நூல் வியாபாரி, இருமிக்கொண்டு வந்தார். கோபமாகக்கூட இல்லை. "வேண்டாமுங்க டீச்சரம்மா. உங்களுக்கும் பொல்லாப்பு, எங்களுக்கும் பொல்லாப்பு. போயிட்டு வாங்க" என்று சொல்லிச் சாக்குத் திரையை இழுத்துவிட்டார். திரைக்கு அடியில் அவள் கால்கள் மட்டும் சிறிது நேரம் அங்கேயே நின்றன.

ஆனாலும் நான் போனது தெரிந்துவிட்டது. அடுத்த மாதமே என்னை ஓமலூர்ப் பக்கம் மாற்றினார்கள். அங்கே போன பிறகு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. போய்ச் சேர்ந்தனவா என்பதும் தெரியாது.

பல வருஷம் கழித்து, யுத்தம் முடிந்த சமயம். சேலம் பெரிய ஆஸ்பத்திரியில், மருந்து வாங்க நின்ற வரிசையில் எனக்கு முன்னால் ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு நின்றாள். பேச்சுக் கொடுத்ததில் அந்த ஊர், அந்தத் தெரு என்று தெரிந்தது.  நூல் கடைக்காரர் மகளைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாமல் என்ன, எங்களுக்கெல்லாம் அவங்கதான் டீச்சரம்மா என்றாள். கல்யாணமாகிப் பிள்ளைகள் பெற்ற பிறகும் அந்தப் பின்கட்டில் அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாளாம். வேறு டீச்சர் யாரும் வரவேயில்லையாம்.

"நீ எதுவரைக்கும் படித்தாய், அம்மணி?" என்று கேட்டேன்.

"நான் பூராவும் படிச்சுட்டேனுங்க" என்றாள் அந்தப் பெண். மலர்ந்த முகத்தோடு, குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டே சொன்னாள். "பின்னம் கூட்டறது வரைக்கும். அதோட கணக்கு முடிஞ்சுருமுங்களே."

வரிசை நகர்ந்தது. ஆமாம் அம்மணி என்று சொல்லிவிட்டு நானும் நகர்ந்தேன்.